ஓதுவதும் பாடுவதும்

இந்தப் பருவத்தில் இஸ்லாமியப் பண்பாடும் இசையும் எனக்கு ஒரு பாடம். குர்ஆனைப் பாடுவதில்லை, ஓதுகிறார்கள். எந்த எழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்குத் தஜ்வீத் என்று தனி இலக்கணமே இருக்கிறது. இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி காலத்துக்கும் முந்தையது.

அப்புறம், போன வாரம் நாகூர் போனேன். தர்கா பக்கத்தில் ஒரு பக்கீர் பெரியவர் தாயிரா என்ற தோல் வாத்தியத்தை வெயிலில் காட்டினார், விரல் நுனியால் தட்டினார், காதருகே வைத்துக் கேட்டார், மறுபடி வெயிலில் காட்டினார். தோல் இறுகியதும் தமிழ் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டு. சித்தர் பாடல் போலவே இருந்தது, எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எங்கள் ஊர் சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவரையும் ஓதுவார் என்றுதானே சொல்கிறோம்? பெரியவரிடம் சொன்னேன். "ஆமா தம்பி" என்று சிரித்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார்.