மொட்டை மாடியில எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி வலை: ஒன்றரை வருஷ நிலவரம்

எங்க வீடு திருவான்மியூர்ல, கடலுக்கு நானூறு மீட்டர் கூட இருக்காது. இங்க இரும்புன்னு எதை வெளிய வெச்சாலும் ரெண்டு மழைக்காலம் தாண்டாது, கொடிக்கம்பி, கேட் கொண்டி, ஏசி ஸ்டாண்டு எல்லாத்துக்கும் அதே கதிதான். மாடித் தோட்டத்துக்கு முதல்ல ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு வெல்டு மெஷ் (கம்பிகளைப் பத்தவெச்ச வலை) போட்டேன். முதல் வருஷம் வெள்ளையா பவுடர் மாதிரி பூத்துது, அடுத்த ஐப்பசி மழைக்கு செவப்பு துரு, அதுக்கப்புறம் கையால அழுத்தினாலே வெல்டு ஒவ்வொண்ணா பிட்டுக்கிச்சு. அணிலுக்கு அதுவே போதும். தக்காளி பழுக்கறதுக்கு முன்னாடியே கடிச்சுப் போடும், அது கூட பரவால்ல, க்ரோ பேக்கைக் கிழிச்சு உள்ள இருக்க தேங்கா நாரை உருவிட்டுப் போய் கூடு கட்டுது பாருங்க, அதான் தாங்கல.

சரி, எஸ்எஸ்ஸே போட்டுடலாம்னு பாரிமுனைக்குப் போனேன். ஜிஐ விலைக்கு மூணு மடங்குக்கு மேல. கடைக்காரர் கையில ஒரு காந்தம் வெச்சுக்கிட்டு "பாருங்க மேடம், ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 304"ன்னு சொன்னாரு (304, 202, 316ன்னு வர்றதெல்லாம் எஸ்எஸ் தரத்துக்கான நம்பர்). நானும் தலையாட்டிட்டு ரெண்டு கடையில ஒவ்வொரு துண்டு சாம்பிள் வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் புரிஞ்சுது, காந்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நிக்கல் கம்மியா போட்டு மாங்கனீஸ் சேர்த்த 202லயும் காந்தம் ஒட்டாது, அதே சமயம் நல்ல 304ஐக் கூட கம்பியா இழுக்கும்போது லேசா காந்தம் பிடிக்கிற குணம் வந்துடும். அதனால ஒரு வேலை செஞ்சேன், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூணு எடுத்து கல்லுப்பு கரைச்ச தண்ணி ஊத்தி ஜிஐ துண்டு ஒண்ணு, ரெண்டு எஸ்எஸ் சாம்பிள்னு தனித்தனியா பாதி முங்குற மாதிரி போட்டு சமையலறை ஜன்னல்ல வெச்சுட்டேன். அத்தை ஏதோ ஊறுகான்னு நினைச்சு திறந்து பாத்துட்டாங்க!

மூணு வாரம். ஜிஐ பத்தி சொல்லவே வேணாம். சல்லிசா கிடைச்ச எஸ்எஸ் துண்டுல, கம்பியும் கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணு போற இடத்துல மட்டும் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி, லென்ஸ் வெச்சுப் பாத்தா அந்த இடுக்குல உப்புத்தண்ணி உக்காந்து கிடக்கு. இன்னொண்ணு வெட்டின முனையைத் தவிர சுத்தமா இருந்துச்சு. அந்தக் கடையிலயே வாங்கினேன். கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்த்த 316தான் சரின்னு தெரியும், விலையைக் கேட்டுட்டு பேசாம வந்துட்டேன்.

ரெண்டு வகை வாங்கினது. அணில், பெரிய எலிக்கு அரை இஞ்ச் வெல்டு மெஷ். கொசுவுக்கும் பூச்சிக்கும் 16 மெஷ், அதாவது ஒரு இஞ்சுக்கு 16 கண், கம்பி கால் மில்லி, அப்ப ஒரு கண்ணு சுமார் 1.3 மில்லிமீட்டர். இதுல கம்பியே முப்பது சதவீதம் கிட்ட வெளிச்சத்தை மறைச்சுடும், சித்திரை வெயிலுக்கு நல்லதுதான், மார்கழியில கத்தரி கொஞ்சம் வெளிறிப்போச்சு.

வெட்டுறதுதான் பெரிய பாடு. முதல் நாள் கிரைண்டர் இருக்கற பக்கத்து வீட்டுத் தம்பி "அக்கா, அஞ்சு நிமிஷம்"னு வந்து வாசல் கேட் செய்ய இரும்பு வெட்டின அதே டிஸ்க்கால வெட்டிக் குடுத்துட்டான். ஒரு வாரத்துல வெட்டின ஓரம் பூரா துருப்புள்ளி, எஸ்எஸ் துரு பிடிச்சதில்லை, டிஸ்க்குல இருந்த இரும்புத் தூள் அதுமேல ஒட்டி அது துருப்பிடிச்சிருக்கு. எலுமிச்சம்பழத் தோலும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சதுல பாதிக்கு மேல போச்சு. மீதியை தகரம் வெட்டுற கத்திரியாலயே வெட்டினேன். வெட்டின முனை ஒவ்வொண்ணும் ஊசி, கையுறை இல்லாம தொட்டுடாதீங்க. ஓரத்துக்கு பழைய தண்ணி ஹோஸை நீளவாக்குல கீறி மாட்டிவிட்டேன், நல்லா நிக்குது.

முக்கால் இஞ்ச் பிவிசி பைப்ல சட்டம் போட்டு, வலையை கட்டுக்கம்பியால இழுத்துக் கட்டி, ஆடிப்பட்டம் விதைக்கு முன்னாடி முடிச்சுட்டேன். அணில் ரெண்டு நாள் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு முருங்கை மரத்துல உக்காந்து கத்திட்டே இருந்துச்சு. எனக்குப் பரம திருப்தி.

மார்கழி முதல் வாரம் காலையில மேல போனா வலை ஒரு பக்கம் தொங்குது. வலைக்கு ஒண்ணும் ஆகலை, பளபளன்னு இருக்கு. கட்டுக்கம்பிதான் மொத்தமா போச்சு, தொட்டா பொடியா உதிருது. அதே கம்பி வேற இடத்துல பந்தல் கட்ட போட்டது அவ்வளவு மோசமில்லை. எஸ்எஸ்ஸும் சாதா இரும்பும் ஈரத்துல ஒட்டி இருந்தா இரும்புதான் தன்னைக் குடுத்து அரிக்கும், அதுலயும் இத்தனூண்டு கம்பி, அவ்வளவு பெரிய வலைன்னா அந்த அரிப்பு மொத்தமும் அந்தக் கம்பி தலையில விழும். காசு போட்டு எஸ்எஸ் வலை வாங்கிட்டு கட்டுறதுக்கு ஓசியில கிடந்த கம்பியை எடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இப்ப எஸ்எஸ் கம்பியாலயே முறுக்கியிருக்கேன். வெள்ளை கேபிள் டை வேணாம், வெயில்ல ஒரே கோடையில ஒடியும். அலுமினிய ரிவெட்டும் இதே கதைதான்னு ஃபேப்ரிகேஷன் வேலை பாக்குற சித்தப்பா சொன்னாரு.

வெள்ளரிக்கு 16 மெஷ் மூடினது என்னோட இன்னொரு புத்திசாலித்தனம். பூ பூவா பூத்துது, பிஞ்சு எல்லாம் விரல் நீளத்துல மஞ்சளாகி விழுந்துது. தேனீ எப்படி உள்ள வரும்? காலையில ஆண் பூவைப் பறிச்சு நானே தேச்சுவிட்டு நாலு காய் எடுத்தேன், அப்புறம் பூக்க ஆரம்பிச்சதும் மூடியையே கழட்டிட்டேன். கறிவேப்பிலைக் கன்னுக்கு மட்டும் மூடியே வெச்சிருக்கேன், பட்டாம்பூச்சி முட்டை வெச்சு புழு மொட்டையடிக்கறது நின்னுடுச்சு.

தொட்டி அடி ஓட்டையில ஓட்டுச்சில்லுக்குப் பதிலா வெட்டி மிஞ்சின துண்டு போட்டேன். மண் இறங்கலை. ஆனா போன மாசம் செம்பருத்தியை பெரிய தொட்டிக்கு மாத்தும்போது பாத்தா, வேர் ஒவ்வொரு கண்ணுலயும் நூல் கோத்த மாதிரி நுழைஞ்சு அந்தப் பக்கம் தடிச்சிருக்கு, பிரிக்கவே முடியல, வலையோடவே நட்டாச்சு.

இப்ப ஓடிட்டு இருக்கறது தண்ணி டிரம். வாயை 16 மெஷால மூடி ஹோஸ் கிளாம்ப் மாதிரி ஒரு பட்டை போட்டு இறுக்கினேன். பத்து நாள் கழிச்சு வலைக்கு அடிப்பக்கம் ஏழெட்டு கொசு உக்காந்துட்டு இருக்கு, கால்ல வெள்ளை வரியோட. வெளியிலேர்ந்து போனதில்லை. டெங்கு கொசு முட்டை டிரம் சுவத்துல ஒட்டி காஞ்சு மாசக்கணக்கா கிடக்கும், தண்ணி ஏறினதும் பொரியும். மூடுறதுக்கு முன்னாடி சுவத்தைத் தேய்க்காம விட்டது என் தப்பு. இந்த ஞாயிறு டிரம்மைக் கவுத்துத் தேங்கா நாரால தேச்சுட்டு திரும்ப மூடணும், வழியுற பைப் வாய்க்கும் ஒரு துண்டு வெட்டி வெச்சிருக்கேன். நார் எடுத்து வெச்சேன், இப்பப் போய் பாத்தா அதைக் காணோம், மதில் மேல அணில் போகுது வாய் நிறைய.