சேலத்து மருமகள், சித்தி நூர்ஹலிசா ரசிகை

புலம்பெயர்ந்த தமிழர் என்றால் இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நான் எதிர்த்திசையில் வந்தவள். மலேசியாவில் பகாங் மாநிலத்து மெந்தகாப்பில் பிறந்து வளர்ந்து, 2016-இல் கல்யாணமாகிச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தேன். என் தாத்தாவின் அப்பா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். அதனால் கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் "நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டே கண்ணு" என்று வாழ்த்தினார்கள். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் நான் எதற்குத் திரும்பி வந்தேன்? நான் இங்கே இருந்ததே இல்லையே. எனக்கு இது புது நாடு. அதைச் சொன்னால் மட்டும் யாருக்கும் புரிவதில்லை. தமிழ் பேசுகிறாய், கோயிலுக்குப் போகிறாய், சோறு சாப்பிடுகிறாய், அப்புறம் என்ன புதுசு என்பார்கள்.

காகித வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். நீண்டகால விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் பதிவாகி 2 ஆண்டு ஆனதும் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்துவிட்டால் விசா கவலை இல்லை, வேலைக்கும் போகலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மலேசியக் குடியுரிமை அப்படியே இருக்கும்.

சாப்பாடும் வெயிலும் சீக்கிரமே பழகிவிட்டன. மெந்தகாப்பில் வெயில் வேர்க்க வைக்கும், சாயந்திரம் மழை வந்து கழுவிவிட்டுப் போகும். சேலத்து ஏப்ரல் வெயில் உதட்டை உலர்த்திவிடுகிறது. அதற்கு ஈடாக மாம்பழம் இருக்கிறது. சாயந்திரமானால் தட்டுவடை செட் இருக்கிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, காரச் சட்னி தடவி, கடித்ததும் நொறுங்குகிற அந்தச் சத்தத்துக்காகவே நான் இந்த ஊரை மனதாரப் பாராட்டுவேன். எங்கள் பக்கத்து ஊர் தெமர்லோவின் பாத்தின் மீன் குழம்புக்கு மட்டும் இன்றுவரை ஏங்குகிறேன்.

எனக்கு இல்லாமல் போனது வேறு ஒன்று. பாடகி சித்தி நூர்ஹலிசாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சித்தி என்பது இங்கே உறவுமுறை இல்லை, அவர் பெயர். மலேசியாவில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. 1979 ஜனவரி 11-இல் தெமர்லோவில், கம்போங் ஆவாவில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். கோலா லிப்பிஸில் வளர்ந்த பெண், 1995-இல் அரசுத் தொலைக்காட்சி நடத்திய பாட்டுப் போட்டியில் 16 வயதில் வென்றார். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம் வந்தது. அந்த 1996-ஆம் ஆண்டின் சிறந்த பாட்டு என்ற பெரிய பரிசும் அவர் பாட்டுக்குத்தான் கிடைத்தது. 2005 ஏப்ரல் 1 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சிம்பொனி இசைக்குழுவோடு பாடினார். நான் அப்போது ஐந்தாம் படிவம் (பதினோராம் வகுப்பு) படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நாங்கள், எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் மாவட்டத்துப் பெண், எங்கள் ஆற்றுத் தண்ணீர் குடித்த பெண் லண்டனில் பாடுகிறார் என்ற பெருமை எங்களை ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆக்கிவிட்டது.

அவர் காதல் பாட்டும் பாடுவார், மலாய் மரபு இசையும் பாடுவார். என் உயிர் அந்த மரபுப் பாட்டுகளில்தான் இருக்கிறது. 1997-இல் வந்த 'சிண்டாய்' பாட்டைக் கேளுங்கள். பாக் ஙா இசையமைத்தது. ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு குரல் வளைந்து வளைந்து இறங்கும். நம் கமகம் தெரிந்த காதுக்கு அது உடனே பிடித்துப்போகும். பாட்டின் பெயருக்கு உரிய பட்டுத்துணியும் குஜராத்திலிருந்து கடல் கடந்து மலாய் நாட்டுக்குப் போனதுதான்.

இதையெல்லாம் யாரிடம் பேசுவது? என் கணவர் நல்லவர், பொறுமையாகக் கேட்பார். ஆனால் கேட்பது வேறு, கூடச் சேர்ந்து உருகுவது வேறு. "அந்த இரண்டாவது சரணத்தில் மூச்சு விடாமல் போகிறாரே, கவனித்தாயா?" என்று நாம் கேட்கும்போது, "ஆமா ஆமா, அதுக்கு அடுத்த வரியைச் சொல்லு" என்று பதறுகிற ஒருத்தர் வேண்டும். வந்த புதிதில் எனக்கு ஊர் ஏக்கம் என்று எல்லோரும் நினைத்தது பெரும்பாலும் இந்த ஏக்கம்தான்.

2018 கடைசியில் பள்ளித் தோழி ஒருத்தி என்னைச் சித்தி ரசிகர்களின் வாட்சாப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். நடத்துபவர் கிள்ளானில் இருக்கும் ஒரு அண்ணன். பெரும்பாலும் மலேசியத் தமிழர்கள். ஜொகூர் பாரு, சிங்கப்பூர், மெல்பர்ன், லண்டன் என்று சிதறிக் கிடக்கிறவர்கள். தெமர்லோவிலிருந்து ஒரு மலாய் டீச்சரும் இருக்கிறார். அவர் மலாயில் எழுதுவார், நாங்கள் தமிழும் மலாயும் கலந்து பதில் எழுதுவோம். அண்ணன் வைத்த விதி கறாரானது: அரசியல் கூடாது, குட்மார்னிங் படம் கூடாது, பாடகியின் குடும்பத்தைப் பற்றி வம்பு கூடாது. பாட்டு மட்டும்.

தினமும் ராத்திரி யாராவது ஒருத்தர் ஒரு துண்டுப் பாட்டைப் போடுவார். எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்போம். அப்புறம் ஆரம்பிக்கும் சண்டை. மேடையில் பாடியது உசத்தியா, ஸ்டுடியோவில் பாடியதா? பழைய குரல் இனிமையா, இப்போதைய கனிந்த குரலா? மெல்பர்னில் இருக்கும் தங்கச்சி கர்நாடக சங்கீதம் படித்தவள். எந்த இடத்தில் சுரம் எப்படி நழுவுகிறது என்று குரல்பதிவில் பாடியே காட்டுவாள். நான் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்பேன். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே ராத்திரி 12 அடிக்கும்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒன்பதரை. எனவே அவர் பிறந்தநாள் எனக்கு ஜனவரி 10 ராத்திரியே வந்துவிடும். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்து களைத்த கையோடு உட்கார்ந்து வாழ்த்து அனுப்புவேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போனது. எங்கள் வீட்டிலும் அதுதான் தொழில். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அத்தை திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வளையங்களைக் கோத்து, சின்னச் சின்னச் சலங்கை மணிகளைச் சாமணத்தால் பிடித்து ஒவ்வொன்றாகப் பொருத்துவார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும், கை மட்டும் நிற்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாட்டுப் போடுவேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். கொஞ்ச நாளில், நான் மறந்துவிட்டால் அவரே கேட்க ஆரம்பித்தார்: "அந்தச் சித்தி பாட்டைப் போடு கண்ணு, கை ஓடும்." ஒரு வார்த்தை புரியாமல் அவர் அந்த மெட்டை முணுமுணுத்ததைப் பதிவு செய்து குழுவில் போட்டேன். அன்று ராத்திரி குழு தூங்கவில்லை. டீச்சர் அதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாராம்.

2020 மார்ச்சில் அங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, இங்கே ஊரடங்கு. எல்லை மூடிவிட்டது. மெந்தகாப்பில் அம்மா தனியாக, சர்க்கரை நோயோடு இருந்தார். நான் குழுவில் புலம்பவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்குப் பாட்டு கேட்க முடியவில்லை என்று மட்டும் எழுதினேன். தெமர்லோவிலிருந்து மெந்தகாப் பக்கம்தான். இரண்டு நாளில், தேவையான அனுமதியோடு, டீச்சர் மருந்தும் கஞ்சியும் கொண்டுபோய் எங்கள் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று அம்மாவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். அதுவரை நானும் டீச்சரும் நேரில் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எல்லை திறக்கும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். 2021 ஏப்ரல் 19 அன்று சித்திக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. சேலத்தில் இரண்டாம் அலை பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம், தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம். அந்த ஒரு நாள் குழுவில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆத்தூர் அக்காவைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அவர் குழுவில் அதிகம் பேசமாட்டார். மலேசிய எண் வைத்திருந்ததால் அங்கேதான் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள் காலையில் மரவள்ளிக் காட்டுப் படம் ஒன்றைப் போட்டு, "மழை நல்லா இருக்கு" என்று எழுதினார். அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். "அக்கா, இது எந்த ஊரு?" என்று கேட்டேன். ஆத்தூர் என்றார். சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர்! அந்த வாரமே பஸ் ஏறிப் போனேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து 1999-இல் வாழ்க்கைப்பட்டு வந்தவர். வரும்போது சித்தியின் கேசட்டுகளைச் சேலைகளுக்கு நடுவில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அப்போது வாட்சாப் ஏது? ஊருக்குப் போன் பேசுவதே செலவு. புதுப் பாட்டு வந்தால் தெரியாது. அம்மா வீட்டுக்குப் போய்வரும்போதுதான் இரண்டு கேசட் வாங்கி வருவார். கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்துபோனது, பிறகு டேப் ரெக்கார்டரும் ஓடவில்லை. கேசட் உறைக்குள் மடித்து வைத்திருக்கும் பாட்டு வரித் தாளை மட்டும் எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகு அதைப் பிரித்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே பாடுவாராம். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே போய்விட்டிருந்தது. அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். "கிட்டத்தட்ட இருபது வருஷம் இதைப் பத்திப் பேச எனக்கு ஒருத்தரும் இல்லம்மா" என்றார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், பாடினோம், மறுபடி அழுதோம். அவர் மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மாமியாரை இப்படிப் பார்த்ததே இல்லை என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் வந்த காலத்தில் கையில் போன் இருந்தது. அவர் வந்த காலத்தில் அதுவும் இல்லை. புது ஊரில் ஒருத்திக்குச் சாப்பாடு இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று பார்க்கிறோம். அவளுக்குப் பிடித்ததைப் பேச ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எல்லை திறந்த பிறகு கிள்ளான் அண்ணன், அவர் மனைவி, டீச்சர், டீச்சரின் மகள் எல்லோரும் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானத்தில் வந்து, நாமக்கல் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தார்கள். அத்தை டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொதுவாக ஒரு மொழி கிடையாது, இரண்டு பேரும் அந்த மெட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டார்கள். டீச்சர் மகளுக்கு அத்தை தன் கையால் கோத்த கொலுசு.

மறுநாள் வேன் வைத்து ஏற்காடு. ஆத்தூர் அக்காவும் விடியற்காலை பஸ்ஸில் வந்துவிட்டார். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் அண்ணன் தொடங்கினார், அப்புறம் யாரும் நிறுத்தவில்லை. வண்டி வளையும்போது எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே பாடினோம். மெதுவான பாட்டு வந்தபோது ஓட்டுநர் தம்பி தானாகவே ஜன்னலை ஏற்றிவிட்டு, "இது என்ன பாஷைங்க அக்கா? நல்லாருக்குங்க, இன்னொரு தடவை பாடுங்க" என்றார். மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிப் படர்ந்திருப்பதையும், கீழே காபிச் செடிகளையும் காட்டினேன். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றோம். பகோடா பாயின்ட்டில் காற்று பலமாக அடித்தது. அங்கே நின்று ஆத்தூர் அக்கா தனியாக ஒரு பாட்டு முழுதும் பாடினார், தாளைப் பார்க்காமல். டீச்சர் கூடச் சேர்ந்து பாடவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் "எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இந்த உச்சரிப்பு வராது" என்று மலாயில் சொன்னார். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது நானும் அக்காவும் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். ஒரு மாதம் ஆத்தூர், ஒரு மாதம் செவ்வாய்ப்பேட்டை. அவருக்குக் காதல் பாட்டு உசத்தி, எனக்கு மரபுப் பாட்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் மலேசியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இன்னும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய கேசட்டோ, பாட்டு வரித் தாளோ, வெறும் ஞாபகமோ, எதை வைத்திருந்தாலும் வாருங்கள். வருகிற ஜனவரி 10 ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். அத்தை எல்லோருக்கும் சேர்த்தே தட்டுவடை சொல்லி வைத்திருக்கிறார்.