வெள்ளைக் கோட்டுக்கு மேலே

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. மீன் செத்தால் வாடிக்கையாளர் வருத்தப்படுவார். பவளம் செத்தால் சண்டைக்கே வந்துவிடுவார். ஊரில் இருந்திருந்தால் இந்த வேலையை நான் கற்றிருக்கவே முடியாது. கல் பவளங்கள் 2001-லிருந்து இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்தால் கேஸ்தான்.

எங்களைப் பதறவைப்பது ஆர்.டி.என்., அதாவது ரேபிட் டிஷ்யூ நெக்ரோசிஸ். பவளத்தின் சதை எலும்புக்கூட்டை விட்டுக் கழன்று போகும் நோய் இது. நேற்று நீல நுனிகளோடு நின்ற அக்ரோபோரா என்ற கிளைப்பவளம் இன்று வெறும் சுண்ணாம்புக் குச்சியாக நிற்கும். போசிலோபோரா, ஸ்டைலோபோரா என்று கிளைவிடும் இனங்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் போனில் "வெளுத்துப்போச்சு தம்பி" என்பார். வெளுப்பது வேறு. அதில் சதைக்குள் குடியிருக்கும் பாசி மட்டும்தான் போயிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் நிறமில்லாத சதை தெரியும், பாலிப்புகள் என்ற குட்டிக் குட்டிப் பவள உயிர்கள் தலைநீட்டும். அது பிழைக்க வழியுண்டு. ஆர்.டி.என். வந்த இடத்தில் சதையே இருக்காது. ரப்பர் குமிழ் வைத்த குழாயால் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சினால், வெந்த தக்காளியின் தோல் மாதிரி துணுக்கு துணுக்காக உரிந்து மிதக்கும்.

ஏன் வருகிறது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் கே.ஹெச். அளவு ஒரே இரவில் 8-லிருந்து 11-க்கு ஏறியிருக்கலாம், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றிருக்கலாம், பவளம் பெட்டியில் வந்த களைப்பாக இருக்கலாம். சூட்டைப் பற்றி மட்டும் உறுதியாக ஒன்று சொல்லலாம்: சான்சிபார் கடலின் நோயுற்ற பவளத்திலிருந்து பிரித்தெடுத்த விப்ரியோ கோரலிலிட்டிகஸ் என்ற பாக்டீரியா, 27 டிகிரிக்கு மேல் போனால் திசுவையே கரைக்கிறது. நாங்கள் தொட்டிகளை 25, 26-ல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லா டெஸ்ட்டும் சரியாக இருக்கும் தொட்டியிலும் இது வரும். அப்போது தண்ணீரையே திருத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கே.ஹெச்.சை அவசர அவசரமாக இறக்கினால் பக்கத்தில் நன்றாக இருக்கிற பவளமும் சேர்ந்து ஆட்டங்காணும். ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியிலேயே கொட்டினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கார்பனைப் புதிதாகப் போடுவது, கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது, பக்கத்துப் பவளத்தைத் தள்ளி வைப்பது, அவ்வளவு போதும். அப்புறம் நன்றாக இருக்கும் கிளையை வெட்டிக் காப்பாற்ற கட்டரை எடுக்க வேண்டியதுதான்.

எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர், பல வருடம் இதே வேலையில் இருக்கும் அண்ணன். அவர் எனக்குச் சொன்னது இதுதான்: "செத்த இடத்தைப் பாக்காதே. சதை முடிஞ்சு வெள்ளை ஆரம்பிக்கிற கோட்டைப் பாரு. அதுக்கு மேல ஒரு விரல்கடை தள்ளி வெட்டு." கோட்டிலேயே வெட்டினால் பயனில்லை. பார்க்க நல்லதாகத் தெரிகிற சதையும் அங்கே ஏற்கெனவே பிடி தளர்ந்திருக்கும். நல்ல நிறத்தில் இருக்கும் இடத்தில்தான் கட்டரை வைக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கையைப் பிடிப்பதும் அந்த இடத்தில்தான். ஒரு வீட்டில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்த அக்ரோபோரா. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. "மேலே நல்லாத்தானே இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாமே?" என்றார் ஐயா. நாளைக்கு வெட்ட எதுவும் இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "சரி, என் முன்னால வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டார். எலும்பு வெட்டும் கட்டரில் கிளை முறியும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும். நுனிகளை அயோடின் கலந்த கடல்நீரில் முக்கி, சூப்பர் க்ளூ ஜெல்லால் பிளக் என்ற சின்ன அடிக்கட்டைகளில் ஒட்டி, வேறு தொட்டியில் நல்ல நீரோட்டத்தில் வைத்தேன். சில பிளக்கிலேயே உரிந்துபோயின. மீதி நின்றன.

இந்தக் கணக்கு கடலிலும் உண்டு. 2014-ல் மயாமி அருகே தொடங்கிய கல் பவளத் திசு இழப்பு நோய், இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைப் பிடித்து, புளோரிடா திட்டுகள் முழுக்கப் பரவியது. அங்கே முக்குளிப்பவர்கள் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பசையை நோயின் விளிம்பில்தான் பூசுகிறார்கள். அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறு: நோய் இன்னும் எட்டாத இடங்களுக்கு முந்திப் போய், நோயில்லாத பவளங்களைப் பெயர்த்து, கரையில் அக்வேரியத் தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அங்கே கடலில் தூண் பவளம் கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது, தொட்டியில் இருக்கிறது.

இப்போது நானும் பெரிய பவளம் உள்ள வீடுகளில், அது நன்றாக இருக்கும்போதே ஒரு கிளை கேட்கிறேன். வேறொரு தொட்டியில், வேறு தண்ணீரில் அது வளரும். முதல் பவளத்துக்கு ஏதாவது ஆனால் அதிலிருந்தே திரும்பக் கொடுத்துவிடலாம். பாதிப் பேர் முறைக்கிறார்கள். கம்பெனி இதை வைத்து வியாபாரம் பண்ணுகிறது என்று சந்தேகம். அந்த ஐயா மட்டும் எந்தக் கிளை என்று அவரே கைகாட்டுவார், வெட்டும்போது வழக்கம்போல உள்ளே போய்விடுவார்.