பாதீடு தோற்ற நாட்களில்

பிரதேச சபையொன்றின் கணக்குக் கிளையில் பல வருடம் வேலை செய்தவள் நான். கார்த்திகை பிறந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இராது. அடுத்த வருடத்துப் பாதீட்டை, அதாவது வரவு செலவுத் திட்டத்தை, அடித்துப் புத்தகமாக்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளிலிருந்து வரும் சனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018க்குப் பிறகு அந்தப் பதில் பாதீட்டு வாக்கெடுப்பின் முடிவில் தங்கியிருந்தது.

அந்த வருடம் பெப்ரவரி 10ஆம் திகதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நடந்தது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். யாழ். மாவட்டத்தில் உள்ள 17 சபைகளில் அநேகமானவற்றில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. யாழ். மாநகர சபையின் 45 ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, தமிழ்க் காங்கிரஸுக்கு 13, ஈ.பி.டி.பி. கட்சிக்கு 10. சபைத் தலைவரான தவிசாளரின் தெரிவில் வாக்குகள் சமமாக விழுந்தால் திருவுளச்சீட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். பாதீடு இரண்டாம் தடவையும் தோற்றால் தவிசாளரோ மாநகர முதல்வரோ பதவி விலகியதாகவே கொள்ளப்படும். 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையில் அதுதான் நடந்தது. அடுத்த முதல்வர் 21க்கு 20 என்ற வாக்கில் தெரிவானார்.

இந்த ஏற்பாட்டால் பாதீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விட்டது. தவிசாளரை இறக்க வேண்டுமென்றால் பாதீட்டைத் தோற்கடித்தால் போதும். காலையில் என் மேசைக்கு வந்து, "மிஸ், எங்கட வட்டாரத்து வாய்க்காலை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ" என்று கேட்ட உறுப்பினர் பின்னேரம் முழுப் பாதீட்டுக்கும் எதிராகக் கை உயர்த்துவார். அவரிலும் எனக்குக் கோபமில்லை. வாய்க்கால் கட்டி முடிந்தால் நினைவுக்கல்லில் ஏறப்போவது தவிசாளரின் பெயர். அடுத்த தேர்தலில் அந்தக் கல்லோடுதான் இவர் போட்டி போட வேண்டும். நல்ல மனிதரைக்கூட மறித்து நிற்கப் பழக்கும் விதி அது.

மறிப்பதற்கான விலையைக் கொடுப்பவர்கள் சபா மண்டபத்தில் இருப்பதில்லை. பாதீடு தோற்றால் வேலைகளுக்குக் கேள்வி (டெண்டர்) கோர முடியாது, மின்குமிழ் வாங்க முடியாது, நாட்சம்பளத்துக்குக் குப்பை அள்ளும் ஆட்களுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று சொல்ல முடியாது. எங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு மட்டும் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர் நனைந்த குடையோடு வந்து, "பிள்ளை, சபையில ஆர் வெண்டா எனக்கென்ன? குசினிக்குள்ள தண்ணி நிக்குது" என்றார். அவருடைய ஒழுங்கைக்கான வாய்க்கால், தோற்ற பாதீட்டுப் புத்தகத்தில் இருந்தது. எந்த உறுப்பினரும் அந்த வாய்க்காலுக்கு எதிராக ஒரு சொல் பேசியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளையில் இந்தக் கதை வரும். "ரெண்டே ரெண்டு கட்சி இருந்தா ஒண்டு வெல்லும், மற்றது எதிர்க்கும், வேலை நடக்கும்" என்று பலர் சொல்வார்கள். சலிப்பில் வரும் பேச்சு அது, விளங்குகிறது. ஆனால் இந்த நாட்டில் இரண்டு கட்சி மாறி மாறி ஆண்ட காலம் இருந்ததே. 1957இல் சுதந்திரக் கட்சிப் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வுக்கு ஒப்பந்தம் செய்தார். அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். கண்டிக்கு ஊர்வலம் கிளம்பினார். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி அதேபோல ஒப்பந்தம் செய்தார்; அப்போது எதிர்த்தது சுதந்திரக் கட்சி. 2000ஆம் ஆண்டில் சுதந்திரக் கட்சி ஜனாதிபதி சந்திரிகாவின் அரசியலமைப்பு வரைவை ஐக்கிய தேசியக் கட்சியினர் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். ஒன்று கொடுக்க வந்தால் மற்றது மறித்தது. எங்கள் சபையில் வாய்க்காலுக்கு நடந்ததுதான் தமிழரின் அதிகாரப் பகிர்வுக்கு அறுபது வருடமாக நடந்தது. 2015இல் இரண்டு கட்சியும் சேர்ந்தே ஆட்சி அமைத்து, புதிய அரசியலமைப்பு எழுதவும் தொடங்கின. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி பிரதமரை நீக்கியதோடு அதுவும் முடிந்தது.

அந்த டிசம்பரில் அமெரிக்காவிலும் அரச அலுவலகங்கள் மூடப்பட்டன. எல்லைச் சுவருக்கான பணத்தில் ஜனாதிபதியும் பாராளுமன்றமான காங்கிரஸும் உடன்படாததால் 35 நாள், ஏறத்தாழ எட்டு இலட்சம் ஊழியருக்கு உரிய நாளில் சம்பளம் இல்லை. அங்கே பெரிய கட்சி இரண்டேதான். செய்தியை வாசித்தபோது அந்த ஊழியர்களுக்காக எனக்கு நெஞ்சு கனத்தது.

முடக்கத்தைவிட எனக்குப் பயம் தருவது அதன் பிறகு சனத்தின் மனதில் வரும் வெறுப்பு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. 2025இல் தேர்தல் நடக்கும்வரை அதிகாரிகளான செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். உண்மையைச் சொன்னால் அலுவலகத்துக்கு அது இலகுவான காலம். கோப்பு வேகமாக நகர்ந்தது. "இப்பிடியே இருக்கட்டும்" என்று கந்தோரிலும் வெளியிலும் சொல்லக் கேட்டேன். வட மாகாண சபையும் 2018 ஒக்டோபரில் காலாவதியானபின் தேர்தல் இல்லாமலே கிடக்கிறது. அதைக் கேட்டுக் குரல் எழுப்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் எந்த ஒழுங்கைக்கு முதலில் கல்லுப் போடுவது என்று தீர்மானித்தவரை எவரும் தேர்தலில் கேள்வி கேட்டிருக்க முடியாது. செயலாளர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் தெற்கின் இரட்டைக் கட்சி முறை ஏறத்தாழக் கரைந்தே போனது. 1977இல் 168இல் 140 ஆசனம் பிடித்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 2020இல் 225இல் ஒன்று, அதுவும் தேசியப் பட்டியலில். 2024இல் அந்த இரண்டுமல்லாத தேசிய மக்கள் சக்தி 159 எடுத்தது, யாழ். மாவட்டத்தின் ஆறில் மூன்றையும் சேர்த்து. அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்து இனி முடக்கம் இராது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு மாதம் கழித்து, 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாநகர சபையில் மறுபடியும் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சனம் பலருக்குப் பிரித்துத்தான் வாக்களிக்கிறது. அது அவர்களின் உரிமை. சட்டம் அதற்கேற்ப மாற வேண்டும்.

ஜேர்மனியில் பாராளுமன்றம் அரசாங்கத் தலைவரான சான்சலரை இறக்க வேண்டுமென்றால் அடுத்தவர் யார் என்று அதே வாக்கெடுப்பிலேயே தெரிவு செய்ய வேண்டும். மறிக்க மட்டும் சேர்ந்த கூட்டம் அங்கே செல்லாது. எங்கள் சபைகளுக்கும் அந்த விதி வேண்டும். பாதீட்டை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டும். புதிய கட்டடம், நினைவுக்கல், வட்டார ஒதுக்கீடு எல்லாம் ஒரு பகுதியில் கிடக்கட்டும், அதில் எவ்வளவு நாளும் வாதாடலாம். கழிவகற்றல், தெருவிளக்கு, வெள்ளவாய்க்கால், நாட்சம்பளத் தொழிலாளரின் கூலி ஆகியவை மற்றப் பகுதியில் வர வேண்டும். வாக்கெடுப்பு எப்படிப் போனாலும் அந்தப் பகுதி போன வருடத்து அளவிலாவது ஜனவரி முதலாம் திகதியிலிருந்து தானாக நடைமுறைக்கு வர வேண்டும்.