பில் கட்டுகளும் என் ஏ.டி.எச்.டி.யும்

பில் எண், தேதி, தொகை. மூன்றையும் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அடுத்த பில்லிலும் அதே மூன்று. என் வேலை இவ்வளவுதான். ஆனால் எனக்கு ஏ.டி.எச்.டி. உண்டு: கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதையும் அமைதியாக இருப்பதையும் கடினமாக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு.

தொகை இடிக்கிறது, வரியை எங்கோ தவறாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று சிக்கலான பில் வந்தால் பசிகூடத் தெரியாமல் அதில் மூழ்கிவிடுவேன். எல்லாம் சரியாக இருக்கும் பில்கள்தான் என்னை வதைக்கின்றன. கண் பார்க்கும், விரல் தட்டும், மனம் எங்கோ போயிருக்கும்.

“வேலை என்றால் யாருக்குத்தான் சலிக்காது?” என்பார்கள். சலிக்கும்தான். எனக்கு அந்தச் சலிப்பு உடம்பிலேயே இறங்கிவிடும். கால் ஆடும், நாற்காலியில் இருப்பே கொள்ளாது. மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஊக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளில் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குறைவாகத் தெரிந்தன. அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். “மனம் வைத்தால் உன்னால் முடியும்” என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவளுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

அதனால் மனதோடு மல்லுக்கட்டுவதை விட்டு, வேலையைக் கலைத்து அடுக்குகிறேன். காலையிலேயே கட்டைப் புரட்டி, சிக்கலான பில்களை எளியவற்றுக்கு நடுநடுவே செருகிவிடுவேன். அடுத்து ஒரு புதிர் காத்திருக்கிறது என்று தெரிந்தால் அதுவரை கை ஓடும். எண்களை உதட்டளவில் முணுமுணுத்தபடியே தட்டுவேன். காதும் வேலையில் சேர்ந்துகொண்டால் மனம் தப்பியோட ஒரு கதவு குறைகிறது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்னும் பொமோடோரோ முறையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அரும்பாடுபட்டு வேகம் பிடிக்கும் நேரத்தில் மணி அடித்துக் கலைத்துவிடுகிறது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

எல்லாவற்றையும்விடக் கைகொடுப்பது துணைதான். பாடி டபுளிங் என்கிறார்கள். பேச்சுக்கொடுக்க வேண்டாம், கண்காணிக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். மாத முடிவில் கட்டுகள் குவியும்போது, “அக்கா, நானும் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்” என்று என் இளைய சகா தன் கோப்புகளோடு வந்துவிடுவாள்.

மேலாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பிரிவில் ஒருவர் காலை ஆட்டிக்கொண்டோ முணுமுணுத்துக்கொண்டோ வேலை செய்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள். கணக்கு இடிக்கும் பில்களையும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.