வாங்காதீங்க தம்பி, நல்ல கார்

இணையத்தில் வாகனம் விற்கிறவர்களுக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. ‘ஒரே பாவனையாளர்’, ‘டொக்டர் பாவித்தது’, ‘வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை’. எல்லாவற்றையும் நம்பினால் இந்த நாட்டு டொக்டர்மார் அத்தனை பேரும் ஒரே நாளில் விமானம் ஏறியிருக்க வேண்டும். (2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அது வேறு கதை.)

மச்சான் அனுப்பிய விளம்பரம் அந்த வகை இல்லை. “மஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004. சிவப்பு. ஓடும். வீட்டில் இடமில்லை. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகவும்.” பூனைக்குட்டி கொடுக்கிறவர்கள் எழுதுகிற மாதிரி இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கட்டாரில் வேலை, கல்யாணத்துக்காக லீவில் வந்திருக்கிறான். மட்டக்களப்பு வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் அவன்தான் பெண்வீட்டுக்குப் போய் இருக்கப்போகிறான். போகிறவன் வெறுங்கையோடு போகாமல் ஒரு காரோடு போனால் மதிப்பு என்பது மாமியின், அதாவது அவனுடைய அம்மாவின் கணக்கு. மாமி நினைத்தது ஒரு அல்டோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் எங்கள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறங்கவில்லை. பழைய அல்டோவுக்குச் சொல்கிற விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஸ்போர்ட்ஸ் கார் வருகிறது என்று மச்சான் இரவிரவாகக் கணக்குப் பார்த்தான். கட்டாரில் தனியாக இருக்கிறவர்களுக்கு இப்படியான கணக்குகள் நன்றாக வரும்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு அடித்தோம். நிந்தவூர். ஒரு ஆண் குரல்.

“காரா? அது ஒங்களுக்குச் சரிவராது தம்பி.”

“வித்துட்டீங்களா காக்கா?”

“விக்கல்ல. ஆனா சரிவராது.”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “ஆர் அது? காருக்கா? வரச் சொல்லுங்க! இண்டைக்கே வரச் சொல்லுங்க!”

விளம்பரம் போட்டது யார் என்று அப்போதே விளங்கிவிட்டது.

தெரியாத ஆளிடம் கார் பார்க்கப் போகும்போது கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிப் போவது வழக்கம். ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கிற பாஸைப் பிடித்தோம். லொறி, வேன், பட்டா எல்லாம் அவர் கைபட்டு எழும்பியவை. எந்த வாகனத்தையும் சாவி போடுவதற்கு முன்பே பத்துக் குறை சொல்லிவிடுவார். அதற்குத்தான் அவருக்குக் கூலி. அந்தக் கூலியையும் வெளிக்கிட முன்பே மச்சானிடம் எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய டொல்பின் வேனிலேயே போனோம். மருதமுனையில் கைத்தறிச் சாறன் எடுக்கவேண்டும் என்று மாமியும் ஏறிக்கொண்டார். அது சாட்டு. ஏறினது வேறு காரணத்துக்கு.

நிந்தவூரில் அந்த வீட்டு முற்றம் முழுக்க நெல் காய்ந்தது. ஒரு மூலையில் படங்குக்குள் கார். போனில் பேசிய காக்கா (அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது) வந்து படங்கை எடுத்தார், எடுத்த கையை பொனட்டிலிருந்து எடுக்கவேயில்லை.

“முதல்லயே சொல்லிப்போடுறன். இது எண்ணெய் குடிக்கும்.”

பாஸ் திருப்தியாகத் தலையாட்டினார். “ரிங் போயிருக்கும்.”

“இதுல ரிங் இல்ல.”

“பிஸ்டன் இருந்தா ரிங் இரிக்கும்தானே.”

“பிஸ்டனும் இல்ல.”

பாஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிசன் சுகமாகத்தான் இருக்கிறாரா என்ற பார்வை.

மறுகா பாடம் தொடங்கியது. காக்கா நெல்லுக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் மண்ணில் கீறிக் காட்டினார். இது ரோட்டரி எஞ்சின். ஜெர்மன்காரர் வேங்கல் கண்டுபிடித்தது, மற்றக் கம்பனிகள் கைவிட்ட பிறகும் மஸ்டா விடாமல் பிடித்துக்கொண்டது. மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணமாக இரண்டு ரோட்டர், உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308. முக்கோணத்தின் முனையில் ஏபெக்ஸ் சீல் என்று ஒன்று இருக்கிறது. அது சுவரில் உரசித் தேயாமல் இருக்க, காரே ஒரு பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உள்ளே விட்டு எரிக்கும். குறை இல்லை, செய்ததே அப்படித்தான். 1300 சிசியில் 250 குதிரைச் சக்தி, நிமிடத்துக்கு 9000 தரம் வரை சுற்றும். 1991இல் பிரான்சில் நடந்த லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் மஸ்டாவின் ரோட்டரிக் கார் ஜெயித்ததையும் சொன்னார். சொன்ன விதத்தில் தானும் அங்கே டயர் மாற்றிக்கொண்டு நின்றது போலிருந்தது.

“பெற்றோல்?” என்று மச்சான் கேட்டான்.

“லீட்டருக்கு ஏழு ஓடினா ஒங்கட அதிஷ்டம். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் கோட் வந்த நேரம் காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர்தானே. நான் ஓடல்ல. ஸ்டார்ட் பண்ணி, சத்தம் கேட்டுட்டு நிப்பாட்டுவன். வாங்காதீங்க தம்பி. நல்ல கார்.”

இதற்கிடையில் காக்காவின் மனைவி, எங்களுக்கு ராத்தா, தேத்தண்ணியோடு வந்து தன் பக்கத்தைச் சொன்னார். நெல் காயப்போட இந்தக் காரை நாலு அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்றால்கூட, ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்க வேண்டுமாம். குளிரோடு ஸ்டார்ட் பண்ணி உடனே நிப்பாட்டினால் உள்ளே பெற்றோல் தேங்கி, மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒரு நாள் மழை இருட்டுக்கு அவசரமாக நகர்த்தி நிப்பாட்டிவிட்டார். காக்கா இரண்டு நாள் கதைக்கவில்லை. “புள்ளையள ரியூசனுக்கு ஏத்த ஒரு வாகனம் வேணும் எண்டு கேட்டன். இதக் கொண்டு வந்தார்.”

மாமி இருக்கையின் தலைப்பகுதியில் இருந்த முக்கோண அடையாளத்தைத் தடவிப் பார்த்தார். “ஏன் மனே, பழுதான வாகனத்துக்குப் பின்னால வைக்கிற முக்கோணம்தானே இது? செய்யக்குள்ளயே போட்டுத்தான் விட்டிருக்கானா?”

காக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தேத்தண்ணிக்குள் குனிந்துகொண்டேன்.

பாஸ் கொம்பிரஷன் மீட்டரை எடுத்தார். பிளக் கழற்றிப் பூட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்ற, ஊசி நல்ல இடத்தில் போய் நின்றது. “எஞ்சின் குறையில்ல” என்றார், குரலில் ஏமாற்றம். காக்கா விடவில்லை. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், சாதாரண மீட்டர் மூன்றிலும் கூடினதை மட்டும்தான் பிடித்து வைத்துக் காட்டும், அந்தச் சின்ன வால்வைக் கழற்றிவிட்டு ஊசி மூன்று தரமும் ஒரே அளவாகத் துள்ளுகிறதா பாருங்கள் என்றார். விற்கிறவரே வாங்குகிறவரின் மெக்கானிக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாஸ் கழற்றிப் பார்த்தார். முதல் துள்ளல் நல்லது. இரண்டாவதும் நல்லது. மூன்றாவது சோம்பலாக எழும்பிப் படுத்தது. பாஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “குறை கிடைச்ச சந்தோசம் அத்தான்” என்று மச்சான் என் காதில் சொன்னான்.

ஓடிப் பார்க்க வேண்டும். மச்சான் ஸ்டியரிங்கில், பாஸ் பக்கத்தில், பின்னால் நானும் மாமியும். “நான் ஏறாத காரை என்ர மகன் வாங்க மாட்டான்” என்று மாமி சொல்லியிருந்தார். இந்தக் காரின் பின்கதவு மறுபக்கமாகத் திறக்கும். நடுவில் தூண் இல்லை. பார்க்க அழகுதான். ஆனால் முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும் என்ற செய்தி மாமிக்கு அப்போது தெரியாது. காக்கா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்.

9000 சுற்றுகிற எஞ்சினுக்கு எங்கள் பக்கத்தில் வேலை குறைவு. ஊருக்குள் சட்டப்படி 50, இந்தக் காருக்கு அது முதல் கியரிலேயே முடிந்துவிடும். ஊர் தாண்டினால் 70. நடு ரோட்டில் படுத்திருக்கிற மாடுகளுக்கு எந்த வேகமும் கணக்கில்லை. மச்சான் 4000ஐத் தொட்ட ஒரே தரம், களியோடைப் பாலத்துக்குக் கிட்ட வயல் வெளியில். அந்தச் சத்தத்துக்கு மாமிகூட ஒன்றும் சொல்லவில்லை.

“ஓரமா நிப்பாட்டு. எஞ்சினையும் நிப்பாட்டு. பத்து நிமிசம் இருப்பம்” என்றார் பாஸ். தேய்ந்த ரோட்டரி குளிரில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், சூட்டில்தான் குணம் காட்டும் என்று காக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் போனது. சாவியைத் திருப்பினால் கிர்ர்ர். திரும்பவும் கிர்ர்ர். அவ்வளவுதான்.

“நான் இறங்கப் போறன்” என்றார் மாமி. கதவில் பிடி தேடினார். திறக்கவில்லை. பாஸ் முன்கதவைத் திறக்காமல் கையை உயர்த்திக் கண்ணை மூடியிருந்தார். “சத்தம் போடாதீங்கம்மா, எந்த ரோட்டர் எண்டு கேக்குது.”

காக்கா வந்து சேர்ந்தார். “சொன்னன்தானே” என்றார், அவ்வளவு சந்தோசமாக. வயலிலிருந்து வந்த லேண்ட் மாஸ்டர் கை உழவு மெஷின் ஒன்றை மறித்துக் கயிறு கட்டினோம். 250 குதிரையை அது டக்டக்கென்று நிந்தவூருக்கு இழுத்துப் போனது. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பாஸும் நானும் பின்னால் நடந்தோம். வெயிலுக்கு இறங்க மாட்டேன் என்று மனம் மாறிய மாமி மட்டும் பின்சீட்டில் இருந்து ஊர்வலம் போனார்.

வீட்டில் காரின் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இந்த ஒரு வேலைக்காகத்தான் என்னைக் கூட்டி வந்தது. செஸி நம்பர் சரி. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி எதுவும் இல்லை. ஓப்பன் பேப்பர் சிக்கலும் இல்லை. சில வாகனங்கள் பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட வெறும் படிவத்தோடேயே நாலைந்து கை மாறியிருக்கும், வழக்கு வந்தால் முதல் ஆளைத் தேடிப் போகும். இது ஒழுங்காகப் பதிந்த கார். உரிமையாளர் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். ராத்தாவின் பெயர்.

“ஓம், நான்தான் விக்கிறன்” என்றார் ராத்தா. “அவரோட கதைச்சது போதும்.”

காக்கா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

விலை நன்றாகவே இறங்கியது. மச்சான் மாமியைப் பார்த்தான். மாமி சொன்னார், “இதில பொண்ணு வீட்ட போனா மாப்பிள்ளைதான் தள்ளிக்கிட்டுப் போகணும்.” அத்தோடு முடிந்தது. வெளிக்கிட எழும்பினோம். பாஸ் எழும்பவில்லை.

“ராத்தா,” என்றார் மெதுவாக. “வேன் ஒண்டு இருந்தா புள்ளையள ரியூசனுக்கு ஏத்த வசதிதானே?”

வாசலில் நின்ற டொல்பினை ராத்தா அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் நின்றது. வேனைக் கொடுத்து, மேலே கொஞ்சக் காசும் கொடுத்து மாற்றிக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள். காக்கா வந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எஞ்சின் கழற்றுகிற நாள் தனக்குச் சொல்ல வேண்டும். “நீங்க வராமக் கழட்ட மாட்டன்” என்றார் பாஸ்.

“அட்வான்ஸ் எண்டு இத வெச்சுக்கொள்ளுங்க” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து ராத்தாவிடம் நீட்டினார். காலையில் மச்சான் எண்ணிக் கொடுத்த அதே நோட்டுகள். மடிப்புக்கூடக் குலையவில்லை.

மருதமுனையில் சாறன் எடுத்தோம். களுவாஞ்சிக்குடி வரும்வரை வேனுக்குள் யாரும் பேசவில்லை. அங்கே பாஸ் கண்ணாடியில் மச்சானைப் பார்த்து, கட்டாருக்குத் திரும்பிப் போனால் ஏபெக்ஸ் சீல் ஒரு செட் வாங்கி அனுப்ப ஏலுமா என்று கேட்டார்.