ஒரே கிரியாட்டினின், இரண்டு சிறுநீரகம்

முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் தடுக்கி விழுந்த கேள்வி: "ஐம்பது வயது ஆண், ஐம்பது வயது பெண். இருவருக்கும் கிரியாட்டினின் 1.5. யாருடைய சிறுநீரகம் மோசம்?" ரெண்டும் ஒண்ணுதானே சார் என்றேன். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார்.

கிரியாட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு; அதை வடிகட்டுவது சிறுநீரகம். பெண்ணுக்குப் பொதுவாகத் தசை குறைவு. அந்தக் கொஞ்சத் தசைக்கே 1.5 தேங்கினால், வடிகட்டல் அவ்வளவு படுத்துவிட்டது என்று பொருள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் 2021-இன் சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால் ஆணுக்குச் சுமார் 56, பெண்ணுக்குச் சுமார் 42 வரும்; எண் குறைந்தால் வடிகட்டல் மோசம். கிளினிக்கல் நியூட்ரிஷன் படிப்பவர்கள் ஒருமுறையாவது இதைக் கையால் போடுங்கள்; செயலியில் தட்டினால் மனதில் நிற்காது.

மீதியைப் புரியவைத்தது தங்கச்சிமடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, சிறுநீரக நோயாளி. கரைவலை இழுத்த கை. ஆறு மாதமாக எடை 62 கிலோவிலேயே நின்றது. "நான் நல்லாத்தான் இருக்கேன் தாயி" என்பார். கணுக்காலை அழுத்தினால் குழி விழும். சட்டைக் கையோ தொளதொளவென்று ஆடும். கரைந்த தசையின் இடத்தை நீர் பிடித்திருந்தது. தராசுக்கு என்ன தெரியும்? டயாலிசிஸ் தொடங்கி நீர் இறங்கியபோதுதான் நிஜ எடை வெளியே வந்தது.

தசை ஏன் கரைகிறது என்பதைப் பட்டியலாகப் படிக்காதீர்கள், எனக்கு நான்கு முறை மறந்தது. மாமாவை வைத்தே படித்தேன். ரத்தத்தில் அமிலம் சேர்ந்து தசைப் புரதத்தை உடைக்கிறது, அழற்சி அதற்குத் துணை, பசி செத்துப்போகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது கூடுதல் அடி.

பெண்களிடம் ஏமாறுவது இன்னும் சுலபம். மேலே கொழுப்பு மூடியிருக்க, உள்ளே தசை போவது கண்ணுக்குப் படாது. கடலில் பாசி எடுக்கப் போகும் என் அத்தைக்கும் இதே நோய். பிஎம்ஐயைப் பார்த்து 'நல்ல உடம்பு' என்றே குறித்திருந்தேன். பாசி மூட்டையைத் தூக்க முடியலை என்று அவர் சொன்னபின் பிடிவலு, அதாவது கை இறுக்கிப் பிடிக்கும் பலம், பார்த்தோம்: 15 கிலோ. 2019 ஆசிய அளவுகோலில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 28. அதற்குக் கீழே போனால் பலவீனம். இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

புரதப் பாடம் குழப்பும். டயாலிசிஸுக்கு முன் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கியபின் உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். மீன் சாப்பிடுங்க மாமா என்றால் அவர் கருவாட்டை எடுக்கிறார், உப்போடு.

இரண்டாம் வைவாவில் இதில் ஒன்றும் கேட்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர், பொட்டாசியம் நிறைந்த இளநீர் குடிக்கலாமா என்றார்கள். மாமாவோடு அதற்குத்தான் தினமும் சண்டை.